நான்கு வில்லையும் ஒரு பலகையும்: யாழ்ப்பாணப் பாடசாலை ஒன்றின் ‘மறைப்பு’ச் செயற்றிட்டம்

பின்னணி

யாழ்ப்பாண நகரத்தை அண்டிய பாடசாலை ஒன்றில் உயர்தரக் கணிதப் பிரிவு மாணவர்கள் நால்வர் விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஏதாவது செய்யப் புறப்பட்டார்கள். கடைசியில் செய்தது, தனக்குள் வைத்த பொருளைப் பார்ப்பவர் கண்ணிலிருந்து மறைக்கும் நான்கு வில்லைக் கருவி. மூன்று பெண்பிள்ளைகள், ஒரு பையன். பொறுப்பாசிரியர் நான், பௌதிகவியல் கற்பிப்பவன். கையில் 12 வாரம் இருந்தது. நடந்ததில் பாதி சரியாக வந்தது, பாதி பிழைத்தது. பிழைத்த பாதியில் என் பங்கும் உண்டு. இதே வகைச் செயற்றிட்டத்தைத் தொடப்போகும் ஆசிரியர்களுக்காக, அப்போது எழுதிவைத்த குறிப்புக் கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் பாடசாலையின் பெயரும் இதற்குத் தேவையில்லை.

எல்லாம் ஒரு காணொளியில் தொடங்கியது. ஒருவர் பச்சைத் துணியொன்றைப் போர்த்திக்கொள்கிறார். துணி இருக்கும் இடத்தில் உடம்பு போய், பின்னால் நிற்கும் செடிகொடிகள் தெரிகின்றன. “சேர், இது மெட்டாபொருளாம். நாங்களும் செய்யலாமா?” என்று குழுத் தலைவி கேட்டாள். காணொளியில் இருந்தது கணினி வித்தை. பச்சை நிறம் எங்கே வந்தாலும் அதை அழித்து, ஆள் வரும் முன்பே எடுத்துவைத்த பின்னணியை அந்த இடத்தில் ஒட்டியிருந்தார்கள். போர்வையின் ஓரம் அசையும்போது செடியின் ஒரு இலைகூட நெளியாததை நிறுத்தி நிறுத்திக் காட்டியதும் நால்வரின் முகமும் விழுந்துவிட்டது.

அடுத்த நாள் பையன் வேறொன்றைக் கொண்டுவந்தான்: இணையத்தில் ‘மறைப்புக் கவசம்’ என்ற பெயரில் விற்கும் பிளாஸ்ரிக் தாள். விலையைப் பார்த்தேன், பிறகு படத்தை உற்றுப் பார்த்தேன். நல்லூர்த் திருவிழாக் கடைகளில், பார்க்கும் கோணம் மாற முருகன் பிள்ளையாராக மாறும் படம் விற்பார்களே, அதன் மேல் இருக்கும் வரியோடிய தாளின் இனம்தான் அது. ஒவ்வொரு வரியும் ஒரு நீண்ட உருளை வில்லை. செங்குத்தாக நிற்கும் ஒல்லியான பொருளிலிருந்து வரும் ஒளியை அது பக்கவாட்டில் இழுத்துப் பரப்பிவிடும். அதனால் பொருள் கரைந்தது போலத் தோன்றும். பின்னணியும் சேர்ந்தே கரைகிறது. ஆனால் பின்னால் வெறும் புல்வெளியோ கடலோ இருந்தால் அதை யாரும் கவனிப்பதில்லை. வாங்க வேண்டாம் என்றேன். காசு காரணமில்லை. அதை வாங்கி மேசையில் வைத்தால் பிள்ளைகள் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

கரும்பலகையில் இரண்டு பாடவேளை

மறுப்பது சுலபம், மாற்று வழி காட்டுவதுதான் கடினம். ‘மெட்டாபொருள்’ என்ற சொல்லை அவர்கள் விடுவதாக இல்லை. அது உண்மையில் என்ன என்பதைச் சொல்ல இரண்டு பாடவேளை எடுத்துக்கொண்டேன்.

சாதாரணப் பொருளில் ஒளி எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதன் அணுக்களும் மூலக்கூறுகளும் தீர்மானிக்கின்றன. மெட்டாபொருளில் அந்த வேலையை நாம் செய்து அடுக்கும் சிறு உறுப்புகள் பார்க்கின்றன: செப்புக் கம்பிகள், ஓரிடத்தில் வெட்டுவிட்ட செப்பு வளையங்கள். உறுப்பு அலைநீளத்தைவிட நன்றாகச் சிறியதாக இருந்தால் அலை அதைத் தனித்தனியாகக் காணாது. மொத்தத்தையும் ஒரே பொருளாகவே உணரும். 1967இல் விக்டர் வெசலாகோ என்ற சோவியத் பௌதிகவியலாளர், மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் ஒருசேர மறை (எதிர்க்குறி) எதிர்வினை தரும் பொருள் இருந்தால் அதன் முறிவுச் சுட்டியும், அதாவது ஒளியை எவ்வளவு திருப்பும் என்பதைச் சொல்லும் எண்ணும், மறையாக இருக்கும் என்று தாளில் காட்டினார். அப்படி ஒரு பொருள் இயற்கையில் அகப்படவில்லை. 1990களின் பிற்பாதியில் பிரித்தானியப் பௌதிகவியலாளர் ஜோன் பென்ட்ரி கம்பியையும் பிளவு வளையத்தையும் முன்வைத்தார். 2001இல் டேவிட் ஸ்மித்தின் குழு நுண்ணலையில் மறை முறிவை அளந்து காட்டியது.

மறைப்பு அதற்குப் பின்னால் வந்த கதை. 2006இல் பென்ட்ரி, ஷூரிக், ஸ்மித் மூவரும் ஒரு கட்டுரையிலும் உல்ஃப் லியோன்ஹார்ட் தனியாக இன்னொன்றிலும், ஒளியைப் பொருளைச் சுற்றி வளைத்து அனுப்பி அதை மறைக்கலாமா என்ற ஒரே கேள்வியை எடுத்தார்கள். அவர்கள் காட்டிய வழிக்குப் பெயர் உருமாற்ற ஒளியியல். சமன்பாட்டைப் போடாமல் சொல்ல ஒரு வழி தேடினேன். வகுப்பில் ஒருத்தியின் தகப்பனுக்கு அரிசிக் கடை. “மூடையில் குத்தூசியைச் செருகி அரிசி எடுத்துப் பார்ப்பார்களே, அப்போது சாக்கு கிழியுமா?” என்று கேட்டேன். “இல்லை சேர், நூல் விலகி நிற்கும். ஊசியை எடுத்ததும் தடவிவிட்டால் சேர்ந்துவிடும்” என்றாள். அதுதான் விஷயம். நூல்களை ஒளிக்கதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி நின்ற இடத்தில் ஒரு துளை. துளைக்குள் எதை வைத்தாலும் எந்த நூலும் அதைத் தொடாது. துளையைத் தாண்டியதும் நூல்கள் பழைய வரிசைக்கே வந்துவிடுகின்றன. மக்ஸ்வெல்லின் சமன்பாடுகளுக்கு ஒரு வசதியான குணம் உண்டு. வெளியை இப்படி இழுத்து வளைத்தாலும் அவற்றின் வடிவம் மாறாது. வளைத்த அளவெல்லாம் பொருளின் மின், காந்தப் பண்புகளின் கணக்கில் போய் ஏறிக்கொள்ளும். ஆகவே சாக்கு எப்படி விலகியது என்று எழுதிக் கொடுத்தால், துளையைச் சுற்றி எந்தப் புள்ளியில் எந்தப் பண்பு வேண்டும் என்று கணக்கு சொல்லிவிடும்.

அந்தக் கணக்கின்படி செய்த முதல் சாதனம் அதே 2006இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக 10 வளையச் சுவர்கள், அவற்றில் வரிசை வரிசையாகப் பிளவு வளையங்கள், நடுவில் மறைக்கவேண்டிய செப்பு உருளை. மொத்த அகலம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் பாதி இருக்கும். வேலை செய்த மீடிறன் (அலை ஒரு செக்கனில் அதிரும் தடவை) ஏறத்தாழ 8.5 கிகாஹேட்ஸ். மறைப்பு அரைகுறையானது, தெறிப்பும் நிழலும் குறைந்தன, அற்றுப்போகவில்லை.

“ஏன் சேர் அந்த ஒரு மீடிறன் மட்டும்?” என்று பையன் கேட்டான். இரண்டு பாடவேளையிலும் வந்த நல்ல கேள்வி இதுதான். துளையை ஒட்டிச் சுற்றிவரும் அலைக்குப் பாதை நீளம். ஆனால் நேராகப் போன அலையோடு அது கட்டம் பிசகாமல், முகட்டோடு முகடாகச் சேரவேண்டும். அப்படியானால் அங்கே அலையின் முகடு வெற்றிடத்தின் ஒளிவேகத்தைவிட வேகமாக நகரவேண்டும். முகடு அப்படி நகர்வதில் விதிமீறல் இல்லை. தகவல் அந்த வேகத்தில் போகாது. ஆனால் இந்த நிலை, வளையங்கள் ஒத்திசையும் குறுகிய மீடிறன் பட்டைக்குள் மட்டுமே வாய்க்கும்.

பிறகு அளவைக் கணக்கிடச் சொன்னேன். 8.5 கிகாஹேட்ஸ் என்றால் அலைநீளம் 35 மில்லிமீற்றர். அதற்கு மூன்று மில்லிமீற்றர் அளவு வளையம் போதும், செப்புப் பலகையில் பொறித்துவிடலாம். பச்சை ஒளியின் அலைநீளம் 550 நனோமீற்றர். அதே விகிதத்தில் வளையம் 50 நனோமீற்றர் அளவில் வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் நடக்கிற காரியமா? நால்வரும் சிரித்துவிட்டார்கள். மெட்டாபொருள் ஆசை அன்று அடங்கியது என்று நினைத்தேன். சொல் மட்டும் அடங்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

எதைச் செய்வது: மூன்றாம் வாரம்

2014இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜோசப் சோய், ஜோன் ஹவல் இருவரும் நான்கு சாதாரண வில்லைகளால் ஒரு மறைப்பைக் காட்டினார்கள். நீண்ட குவியத் தூரமுள்ள வில்லை ஒன்று, குறுகியது ஒன்று, மறுபடி குறுகியது, கடைசியில் நீண்டது. முதல் இரண்டும் ஒளிக்கற்றையைச் சுருக்குகின்றன. கடைசி இரண்டும் பழைய அகலத்துக்கு விரிக்கின்றன. நடுவில் கற்றை ஒல்லியாக ஓடும்போது அதைச் சுற்றியுள்ள இடம் பார்ப்பவருக்குக் காலியாகிவிடுகிறது. பின்னணியோ இருந்த இடத்தில், இருந்த அளவில் தெரியும்.

தூரங்கள் எளிய அட்சரகணிதத்தில் வந்துவிடும். முதல் இடைவெளி இரண்டு குவியத் தூரங்களின் கூட்டுத்தொகை. கடைசி இடைவெளியும் அதுவே. நடு இடைவெளிக்கு, அந்தக் கூட்டுத்தொகையைக் குறுகிய குவியத் தூரத்தின் இருமடங்கால் பெருக்கி, இரண்டு குவியத் தூரங்களின் வித்தியாசத்தால் வகுக்கவேண்டும். மாணவர்கள் தாமே தாயக் (matrix) கணக்குப் போட்டு இதை நிறுவவேண்டும் என்று நிபந்தனை வைத்தேன். ஒரு வாரம் எடுத்தது.

தெரிவுக்கு மூன்று காரணம் இருந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில், எல்லா நிறத்திலும் வேலை செய்யும். பொருட்கள் ஊரில் கிடைக்கும். எங்கே வேலை செய்யாது என்பதையும் கையால் காட்டமுடியும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. மாணவர்களுக்கு முதலாவது.

கண்ணாடிக் கடை

வில்லைக்கு முதலில் புத்தகக் கடை உருப்பெருக்கிகளை வாங்கிப் பார்த்தோம். எந்த இரண்டும் ஒரே குவியத் தூரத்தில் இல்லை, ஓரங்களில் வானவில். வைத்தியசாலை வீதிப் பக்கம் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனோம். ‘பிளஸ் 5’, ‘பிளஸ் 20’ பவரில் இரண்டிரண்டு வில்லை வேண்டும் என்றோம். பிளஸ் 20 கண்ணாடி போடுகிற ஆள் யார் என்று சந்தேகமாகப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்ப் பழைய மரப்பெட்டி ஒன்றை எடுத்துவந்தார்.

கண் பரிசோதிக்கும்போது மூக்கில் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, அதில் ஒவ்வொரு வில்லையாகப் போட்டு “இது தெளிவா, அது தெளிவா” என்று கேட்பார்களே, அந்த வில்லைகளின் பெட்டி. வெல்வெட் பள்ளங்களில், கைபிடிக்கச் சிறு காதுவைத்த வளையங்களாக, ஒவ்வொரு பவரிலும் ஒரு சோடி அடுக்கியிருந்தது. இரண்டு கண் என்பதால் சோடி. நமக்கும் சோடிதான் வேண்டும்! பவர் என்பது மீற்றரில் சொன்ன குவியத் தூரத்தின் தலைகீழ். பிளஸ் 5 என்றால் 200 மில்லிமீற்றர், பிளஸ் 20 என்றால் 50. வளையத்தின் வெளி விட்டம் 38 மில்லிமீற்றர், உள்ளே ஒளி போகும் இடம் 36. புதிய கருவி வந்தபிறகு அந்தப் பெட்டியை அவர் அதிகம் தொடுவதில்லை. “கீறாமல் கொண்டுவாருங்கள் தம்பி” என்று என்னைப் பார்த்தே சொல்லிக் கொடுத்தார்.

முதற் பொருத்தலும் பனைமரமும்

அலுமினிய ஜன்னல் சட்டத்தின் துண்டு ஒன்றைத் தண்டவாளமாக்கி, பி.வி.சி. குழாய் வளையங்களில் வில்லைகளைப் பொருத்தினோம். கணக்கின்படி இடைவெளிகள் 250, 167, 250 மில்லிமீற்றர். பின்னால் இரண்டு மீற்றரில் கட்டக்கோட்டுத் தாள், முன்னால் மூன்று மீற்றரில் கண்.

படம் நிமிர்ந்து தெரிந்தது, அதுவே பெரிய ஆறுதல். ஆனால் வில்லைக்குள் தெரிந்த கட்டங்கள் வெளியே தெரிந்தவற்றைவிடச் சிறியவை. வெளியே ஒன்பது கட்டம் பிடிக்கும் இடத்தில் உள்ளே பத்து. ஓரத்தில் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் முறிந்து நின்றன. பார்ப்பவருக்கு அது மறைப்பாகத் தோன்றாது, ஏதோ கண்ணாடி வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். இரண்டு நாள் தண்டவாளத்தை நிமிர்த்தினார்கள், வளையங்களைத் திருகினார்கள், மாலையில் குறைகூறிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

நான் கொஞ்சம் பொறுத்தேன். மூன்றாம் நாள் ஒருத்தி, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலில் வில்லையின் குவியத் தூரத்தை அளக்கலாம் என்றாள். ஆய்வுகூட ஜன்னலுக்கு வெளியே, மைதானத்துக்கு அப்பால், ஒற்றைப் பனை நிற்கிறது. எதிர்ச்சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டி வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தினாள். தாளில் ஒரு மங்கல். பிறகு ஒரு கணத்தில் பனை தலைகீழாக வந்து நின்றது. காற்றில் ஓலை அசைவதுகூட விரல்நகம் அளவு படத்தில் தெரிந்தது. எல்லாரும் தாளைச் சுற்றிக் குனிந்துவிட்டோம். மரத்தை நூறு தடவை பார்த்திருக்கிறோம், இப்படி யாரும் பார்த்ததில்லை.

பிளஸ் 5 சரியாக 200 வந்தது. பிளஸ் 20 வில்லைகள் எங்கள் அளவையில் 52. கண்ணாடிக்காரர் சொல்லும் பவர் வில்லையின் பின்முகத்திலிருந்து கணக்கிடப்படுவது. தடித்த வில்லையில் அதற்கும், மெல்லிய வில்லை என்று எடுத்துக்கொண்டு நாங்கள் நடுவிலிருந்து அளப்பதற்கும் சிறு வித்தியாசம் வரும். இரண்டு மில்லிமீற்றர்தானே என்று விடமுடியாது. 52 என்று போட்டால் ஓர இடைவெளிகள் 252 ஆகின்றன, நடு இடைவெளி 177 ஆகிறது. குவியத் தூரத்தில் 2 மில்லிமீற்றர் பிழை நடு இடைவெளியில் 10 மில்லிமீற்றராகப் பெருகுகிறது. பழைய இடைவெளிகளை 52க்குப் போட்டுக் கணக்கிட்டால் பின்னணி பத்தில் ஒரு பங்கு சிறிதாகத் தெரியவேண்டும். நாங்கள் பார்த்ததும் அதேதான். பிழை என்ன என்பதோடு எவ்வளவு என்பதும் கணக்கில் வந்தது. அன்றுதான் நால்வருக்கும் இந்தக் கருவிமேல் நம்பிக்கை பிறந்தது.

புதிய இடைவெளியில் கோடுகள் சேர்ந்தன. ஒரு அடிமட்டத்தை நடுப்பகுதியில் ஓரமாக நுழைத்தபோது வில்லையின் வட்டத்துக்குள் வந்த பகுதி அறுந்து, அந்த இடத்தில் கட்டக்கோடு தெரிந்தது. யாரோ கத்திவிட்டார்கள், பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப்பார்த்தார்.

மறையும் இடத்தின் வடிவம் உழுந்துவடை. 36 மில்லிமீற்றர் அகலக் கற்றை நடுவில் 9 மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்குகிறது. அந்த 9 மில்லிமீற்றர்தான் வடையின் துளை. சுற்றியுள்ள சதைப்பகுதி, அதாவது ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் தடிப்பு, மறையும் இடம். துளைக்குள் ஒரு பென்சிலை நீட்டினால் மறைவதற்குப் பதில் நான்கு மடங்கு கொழுத்து, வட்டத்தையே அடைத்துக்கொண்டு தெரியும். இதையும் கண்காட்சியில் காட்டவேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்தோம்.

லேசர் சம்பவம்

ஆறாம் வாரம் நடந்ததை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு நேர்மையாக இராது. வில்லைகளின் நடு ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கக் கடைச் சிவப்பு லேசர் ஒன்றைப் பாவித்தோம். நான் பக்கத்து அறையில். 9ஆம் தரப் பிள்ளை ஒன்று உள்ளே வந்து, எல்லாரும் இதற்குள் பார்க்கிறார்கள் என்று மறுமுனையில் கண்ணை வைக்கக் குனிந்தது. குழுத் தலைவி உள்ளங்கையால் வில்லையைப் பொத்தினாள். எதுவும் நடக்கவில்லை, ஆனால் அவள் கை அன்று முழுக்க நடுங்கியது.

அன்றே மூன்று மாற்றம் செய்தோம். லேசர் எரியும்போது மறுமுனையில் கறுப்பு அட்டை மூடி. அறைக் கதவுக்குக் கொக்கி. கருவி ஜன்னலை நோக்கி வைக்கப்படாது; சூரியனை நோக்கித் திரும்பிவிட்டால் லேசரைவிட ஆபத்து. தனியே விட்டுப்போன பிழை என்னுடையது. அதிபரிடம் நானே போய்ச் சொன்னேன்.

உப்புத் தொட்டி

நான்கு வில்லையில் ஒளி நான்கு இடத்தில் மட்டும் திரும்புகிறது. உருமாற்ற ஒளியியலின் உயிர், பொருளின் பண்பு இடத்துக்கு இடம் சிறிது சிறிதாக மாறுவதில் இருக்கிறது. அதைக் காட்ட வேறு ஒன்று வேண்டும் என்று எனக்குப் பட்டது. பண்ணைப் பாலத்து வீதியில் நண்பகலில் போகிறவர் எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். சூடான தார் மேலுள்ள காற்று ஐதாகி, அதன் முறிவுச் சுட்டி சற்றுக் குறைகிறது. வானத்திலிருந்து சரிந்து வரும் ஒளி வீதியைத் தொடாமலே மேல்நோக்கி வளைந்து கண்ணுக்கு வருகிறது. நமக்கு வீதியில் நீர் தெரிகிறது. கானல் நீரை மேசைமேல் கொண்டுவரமுடியாது, ஆனால் தலைகீழாகச் செய்யலாம்.

இரண்டடி மீன்தொட்டியின் அடியில் செறிந்த சீனிக் கரைசல், மேலே மெதுவாக நீர். ஓர் இரவு விட்டால் எல்லை கலங்கி, அடியிலிருந்து மேலே முறிவுச் சுட்டி படிப்படியாகக் குறையும். முதல் முயற்சியில் திங்கட்கிழமை காலை தொட்டி முழுக்க எறும்பு. மூடியைத் திறந்தால் கள்ளுக் கொட்டில் வாசம். சீனி விலையும் சேர்ந்து எங்களை உப்புக்கு மாற்றியது. ஆனையிறவுக் கல்லுப்பு கலங்கலாகக் கரைந்தது. வேட்டித் துணியில் மூன்று தடவை வடித்தோம். கடைசியில் கிடையாக விட்ட லேசர்க் கோடு தொட்டிக்குள் தேங்காய்க் கீற்றுப் போல வளைந்து அடியைத் தொட்டது. நேராகப் போகத்தான் ஒளிக்குத் தெரியும் என்று சிறுவயதிலிருந்து கற்ற பிள்ளைகளுக்கு இதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பக்கத்தில் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயும் வைத்தோம். அதன் முறிவுச் சுட்டி 1.47ஐ ஒட்டியது, போரோசிலிக்கேற் கண்ணாடியும் அப்படியே. சோதனைக் குழாயை எண்ணெய் நிரப்பி அமிழ்த்தினால் குழாய் காணாமற்போகும். செலவில்லாத மறைப்பு.

பலகையில் என்ன எழுதுவது

ஒன்பதாம் வாரம் மாணவர்கள் பலகை எழுதிக் கொண்டுவந்தார்கள். பெரிய எழுத்தில்: ‘மெட்டாபொருளால் ஆன மாயப் போர்வை’. இரண்டு பாடவேளை வீணா என்று கோபம் வந்தது. “இதில் மெட்டாபொருள் எங்கே இருக்கிறது?” என்றேன். “இல்லை சேர். ஆனால் அப்படிப் போட்டால்தான் ஆட்கள் வருவார்கள்” என்றான் பையன். அவனைக் குறைசொல்ல மனமில்லை. பாடசாலை நிர்வாகத்திலும் அதே கருத்து இருந்தது.

ஒரு மறைப்பைப் பற்றிப் பேசும்போது நான்கு கேள்விக்குப் பதில் இல்லாமல் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்பது என் நிலைப்பாடு. எந்தத் திசையிலிருந்து, எந்த நிறத்தில், எவ்வளவு பெரிய பொருள், எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கவேண்டும்? டியூக்கின் சாதனத்துக்கும் இது பொருந்தும், எங்கள் ஜன்னல் சட்டத்துக்கும் பொருந்தும். வாக்குவாதம் நடந்து, பலகை மாறியது. தலைப்பு ‘நான்கு வில்லைகளால் ஒரு மறைப்பு’. அதன் கீழ் நான்கு கேள்வியும் பதிலும்: நேர் முன்னிருந்து மட்டும், எல்லா நிறமும், ஓரத்தில் மெல்லிய நிறக்கரையுடன், 13 மில்லிமீற்றர் தடிப்புள்ள வளையத்துக்குள் அடங்கும் பொருள், மூன்று மீற்றருக்கு அப்பால் நின்று. கடைசி வரியில் ‘இதில் மெட்டாபொருள் இல்லை’.

பலகையோடு என் கவனம் நின்றுவிட்டது. மாணவர்கள் ஐந்தாம் வாரமே அடிமட்டம் மறையும் காட்சியைக் கைத்தொலைபேசியில் எடுத்து, பழைய தலைப்போடு இணையத்தில் போட்டிருந்தார்கள். எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

கண்காட்சி நாள்

வரிசை நீளமாக இருந்தது. ஒருவர் ஒருவராகத்தான் பார்க்கமுடியும். நெரிசலுக்குப் பயந்து, கண் வைக்கும் இடத்தில் கைத்தொலைபேசியின் கமெராவைப் பொருத்திப் பெரிய திரையில் காட்டினோம். சிறுவர்கள் திரையை நம்பவில்லை. கணினி வித்தை என்றார்கள். காணொளி பார்த்து வளர்ந்தவர்களின் சந்தேகம் நியாயமானதுதான். தரையில் சுண்ணாம்புக்கோடு கீறி, நேரே வந்து நின்று கண்ணால் பார்க்கவிட்டோம். அதன் பிறகு திரையை யாரும் பார்க்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவர் வந்து பலகையை முழுக்க வாசித்தார். பிறகு ஓரடி இடப்பக்கம் தள்ளி நின்று பார்த்தார். மறைப்புக்குள் வைத்திருந்த விரல் தெரிந்தது, கட்டக்கோடு இழுபட்டது. “அச்சிலிருந்து எத்தனை பாகை வரை தாங்கும்?” என்று கேட்டார். மாணவர்கள் அளந்திருக்கவில்லை. அவர் அங்கேயே நின்று, நூலும் பாகைமானியும் வைத்து எப்படி அளப்பது என்று அரை மணித்தியாலம் சொல்லிக்கொடுத்தார். அளந்தபோது ஒருசில பாகைதான். அதைப் பலகையில் பேனாவால் சேர்த்தார்கள்.

பரிசு எதுவும் கிடைக்கவில்லை. தோட்டக் கிணற்று நீர்மட்டத்தைக் காட்டும் கருவி ஒன்று முதலாவதாக வந்தது. அது நல்ல கருவி.

இரண்டு நாள் கழித்து

உள்ளூர் செய்தித்தளம் ஒன்றில், கண்ணுக்குத் தெரியாத போர்வையை யாழ்ப்பாண மாணவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற பாணியில் செய்தி வந்தது. எங்கள் பலகையின் ஒரு வரிகூட அதில் இல்லை. பழைய காணொளியின் தலைப்பை அப்படியே எடுத்திருந்தார்கள். மாணவர்களின் முழுப்பெயரும் படமும் இருந்தன.

மறைப்பு, போர்வை, இராணுவப் பயன் என்ற சொற்கள் இந்த ஊரில் வெறும் விஞ்ஞானச் சொற்களாக நிற்பதில்லை. மாலையில் ஒரு தாயார் வீட்டுக்கே வந்தார். கோபப்படவில்லை. “சேர், பிள்ளையின் பெயரை எடுக்கச் சொல்லமுடியுமா? யார் யார் வாசிப்பார்கள் என்று தெரியாதே” என்றார். தேநீர் கொடுத்தோம், குடிக்கவில்லை.

மறுநாள் நான்கு வரியில் ஒரு திருத்தம் எழுதி அனுப்பினோம். கண்டுபிடித்தவர்கள் யார், எந்த ஆண்டு, நாங்கள் செய்தது அதன் மீள்செய்கை, பெயர்களை நீக்குங்கள். பெயர்கள் நீங்கின, தலைப்புக் கொஞ்சம் தணிந்தது. பிரதிகள் வேறு பக்கங்களில் சுற்றிக்கொண்டிருந்தன. மாணவர்கள் காணொளியை எடுத்துவிட்டு, பலகையை வாசித்துக் காட்டுவதிலிருந்து தொடங்கும் புதிய ஒன்றைப் போட்டார்கள். அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அந்தத் தளத்தின் மேல் பழியைப் போடுவது எளிது. அவர்கள் எடுத்த சொற்கள் எங்கள் பிள்ளைகள் எழுதியவை, அதைப் பார்க்காமல் விட்டது நான்.

மறுமுறை செய்தால்

குவியத் தூர அளவையை முதல் வாரமே வைப்பேன். பனைமரப் படம் முதலில் வந்திருந்தால் இரண்டு நாள் திருகல் மிஞ்சியிருக்கும். கோண எல்லையையும் தூர எல்லையையும் மாணவர்களே அளந்து வரைபாக்கவேண்டும். வெளியாள் கேட்டு அளப்பது போதாது. நிறக்கரையைக் குறைக்க, இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்துச் செய்த இரட்டை வில்லைகள் வேண்டும், அவை இங்கே கிடைப்பதில்லை. அதுவரை கறுப்பு வெள்ளைக் கட்டக்கோட்டுக்குப் பதில் ஒரே நிறத்தின் இரண்டு சாயல்களில் பின்னணி வைத்தால் கரை கண்ணை உறுத்தாது என்று பின்னர் பார்த்தோம்.

லேசர் வேலையில் ஆசிரியர் அறையை விட்டு வெளியேறுவதில்லை. இணையத்தில் எதுவும் போடும் முன் பலகைச் சொற்கள் முடிவாகவேண்டும். பெயர், படம் பற்றிப் பெற்றோரிடம் முதல் நாளே எழுத்தில் கேட்கவேண்டும். உப்புத் தொட்டியை நடுவிலும் நான்கு வில்லையை ஓரத்திலும் வைப்பேன். மாணவர்கள் இதை ஏற்கவில்லை, அடுத்த குழுவும் ஏற்காது என்றுதான் நினைக்கிறேன்.

வில்லைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பிளஸ் 20 ஒன்றில் மெல்லிய கீறல் இருந்ததைச் சொன்னோம், காசும் நீட்டினோம். பெரியவர் வாங்கவில்லை. தண்டவாளத்தைக் கடை மேசையில் வைத்து ஒருதடவை காட்டச் சொன்னார். நடுத்துளைக்குள் தன் பேனாவை விட்டு, அது பருத்துத் தெரிவதைப் பார்த்துவிட்டு, வில்லைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வெல்வெட் பள்ளங்களில் வைத்தார்.